ஜப்பான் பள்ளிக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகும் ஒரு தமிழ் ஆசிரியைக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கோவைப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறீர்கள். எம்.ஏ., பி.எட். முடித்தவர். ஒரு ஆள் அனுப்பும் நிறுவனம் மூலம் ஜப்பான் அரசுப் பள்ளிகளில் ஏ.எல்.டி. வேலை, அதாவது துணை ஆங்கில ஆசிரியர் வேலை, கிடைத்திருக்கிறது. "கலாசார வேறுபாடுகள் எப்படி இருக்கும்? இணையத்தில் தேடினால் அமெரிக்கர்கள் எழுதியதுதான் வருகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில், "ஒரு இந்தியரை ஆங்கில ஆசிரியராக ஏற்றுக்கொள்வார்களா?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கும் பதில் சொல்கிறேன், ஆனால் முதலில் சில விஷயங்கள் தெளிவாக வேண்டும்.

நான் தமிழ்நாட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஷிஸுவோகா மாகாணத்தில் ஒரு சிறு நகரத்துக்கு ஏ.எல்.டி.யாகப் போனவன். தொடக்கப் பள்ளி (1 முதல் 6), நடுநிலைப் பள்ளி (7 முதல் 9) இரண்டும் பார்த்திருக்கிறேன். எல்லாம் அரசுப் பள்ளிகள். பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தரும் தனியார் பள்ளிகள் வேறு உலகம், வேறு விசா. டோக்கியோ மாதிரிப் பெருநகரமும் வேறு. நான் சொல்வதைச் சிற்றூர் அரசுப் பள்ளிக்கு மட்டும் பொருத்திப் பாருங்கள்.

அமெரிக்கர்கள் எழுதிய குறிப்புகளில் பாதியை நீங்கள் தள்ளிவிடலாம். ஆசிரியர் உள்ளே வந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொல்வது, வாசலில் செருப்பைக் கழற்றுவது, சீருடை, பழைய பள்ளிக் கட்டடங்களில் குந்தி உட்காரும் கழிப்பறை, பள்ளி முடிந்ததும் டியூஷனுக்கு ஓடும் பிள்ளைகள், பரீட்சையை மையமாக வைத்துச் சுழலும் வீடு என்று அவர்கள் வியந்து வியந்து எழுதுவதெல்லாம் நமக்குப் பழகியவை. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து விரலை அசைத்து "இங்கே வா" என்று கூப்பிடுவதைப் பார்த்து, "போ என்கிறார்களோ" என்று மேல்நாட்டார் குழம்புவதாகப் படித்திருப்பீர்கள். நாமும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்! இந்த வகையில் நமக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. ஆனால் அதே அனுகூலம், "எல்லாம் நம்ம ஊர் மாதிரிதான்" என்ற நினைப்பையும் கொண்டுவந்துவிடும். தமிழ் ஆசிரியர்கள் இடறுவது அந்த நினைப்பில்தான். நமக்கு வரும் அதிர்ச்சிகள் வேறு இடத்தில் இருக்கின்றன, அவற்றை யாரும் நமக்காக எழுதி வைக்கவில்லை.

சின்னதிலிருந்து தொடங்குகிறேன். தலையாட்டல். நாம் "சரி" என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்ப்போம். ஜப்பானில் தலையைச் சாய்த்தால் "சந்தேகமாக இருக்கிறதே", "புரியவில்லையே" என்று பொருள். சக ஆசிரியர் ஒரு யோசனை சொல்லி, நீங்கள் மனமார ஒப்புக்கொண்டு தலையைச் சாய்த்தால், அவர் "பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று யோசனையையே கைவிட்டுவிடுவார். மேலும் கீழுமாக ஆட்டப் பழகுங்கள். சொல்ல எளிது, கழுத்துக்குப் பழக்கம் மாற நாளாகும்.

அடுத்தது விடைத்தாள். இது உறுதியாகத் தெரிந்த விஷயம், முதல் வாரமே வேண்டியிருக்கும். நாம் சரியான விடைக்கு டிக் போடுவோம், தவறைச் சுற்றி வட்டம் போடுவோம். அங்கே நேர் எதிர். சரியான விடைக்கு வட்டம், தவறுக்கு டிக் மாதிரியான ஒரு கீற்று. மிக நன்றாகச் செய்திருந்தால் வட்டத்தைச் சுற்றி இதழ் வரைந்து பூவாக்கிவிடுவார்கள், சின்ன வகுப்புகளில் அதற்காக ஏங்கும் பிள்ளைகள் உண்டு. நீங்கள் நோட்டு முழுக்க அன்போடு டிக் போட்டுக் கொடுத்தால், எல்லாமே தப்பு என்று பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகும். இன்னொன்று, பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதாதீர்கள். அமங்கலமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது பெரிய விஷயம். நீங்கள் அங்கே ஆசிரியை அல்ல, துணை ஆசிரியை. இதைப் படித்துத் தலையாட்டிவிடலாம், வகுப்பில் போய் நின்ற பிறகுதான் உறைக்கும். உங்கள் பி.எட். அங்கே கற்பிக்கும் உரிமம் ஆகாது. மதிப்பெண், ஒழுங்கு, பெற்றோர், பாடத்திட்டம் எல்லாமே ஜப்பானிய ஆசிரியரின் பொறுப்பு. நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலத்துக்கென்று பயின்ற ஆசிரியர் இருப்பார். அவருடைய குணத்தைப் பொறுத்து, நீங்கள் வகுப்பைப் பாதியாகப் பகிர்ந்து நடத்துவீர்கள், அல்லது மூலையில் நின்று அவர் கை காட்டும்போது மட்டும் பாடத்தை உரக்க வாசிப்பீர்கள். ஏ.எல்.டி.க்கள் தங்களைத் தாங்களே "மனித டேப் ரெக்கார்டர்" என்று கிண்டல் செய்துகொள்வது இதனால்தான். தொடக்கப் பள்ளியில் நிலைமை தலைகீழ். 2020-ல் புதிய பாடத்திட்டம் வந்தபோது 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் ஆண்டுக்கு 70 பாடவேளை கொண்ட முறையான பாடம் ஆனது. 3, 4-ஆம் வகுப்புகளில் ஆண்டுக்கு 35 பாடவேளை விளையாட்டும் பேச்சுமாக நடக்கிறது. ஆனால் பல பள்ளிகளில் இதை எடுப்பவர் கணக்கும் அறிவியலும் எடுக்கும் அதே வகுப்பாசிரியர். ஆங்கிலம் பேச அவரே கூசுவார். ஆகவே காகிதத்தில் துணையாக இருக்கும் நீங்கள்தான் வகுப்பை ஓட்டுவீர்கள். காலையில் ஒரு பள்ளியில் ராணி, மதியம் இன்னொன்றில் ஒலிபெருக்கி. நம் ஊரில் தனி ஆளாக நாற்பது ஐம்பது பேரை அடக்கி ஆண்ட ஆசிரியருக்கு இந்த மாறி மாறி வரும் நிலைதான், சாப்பாட்டையும் குளிரையும் விடக் கடினம்.

அந்த ஜப்பானிய ஆசிரியர் உங்களோடு உட்கார்ந்து பாடத்தைத் திட்டமிட மாட்டார். இதை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்கிற இந்திய, பிலிப்பீன்ஸ் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது நேரமின்மை. பல நாடுகளின் பொருளாதார, கல்வி நிலையை ஒப்பிட்டு ஆராயும் ஓ.இ.சி.டி. அமைப்பின் 2018 ஆய்வில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்வதாக வந்தது, பங்கெடுத்த நாடுகளில் அதுதான் மிக அதிகம். பாடம் போக, மாலையில் பேஸ்பால், டென்னிஸ், இசைக்குழு என்று மன்றப் பயிற்சிகள், சனிக்கிழமைப் போட்டிகள், வீட்டுக்குத் தொலைபேசி அழைப்புகள் என்று இழுத்துக்கொண்டே போகும். உங்களுக்குக் கிடைப்பது மணி அடித்த பிறகு வராந்தாவில் நடந்துகொண்டே பேசும் ஐந்து நிமிடம். ஆகவே அரைப் பக்கத்தில் திட்டம் எழுதி, முந்தின நாள் மாலை அவர் மேசையில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை ஒரு திருத்தத்தோடு திரும்பி வரும். பேச்சைவிடத் தாள் அங்கே நன்றாக வேலை செய்கிறது.

கண்டிப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முட்டி போட வைப்பது, பெஞ்சு மேல் ஏற்றுவது, பெயர் சொல்லி எல்லார் முன்னும் திட்டுவது போன்றவை நம் நாட்டிலும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் புறம்பானவைதான். இருந்தாலும் நம் வகுப்பறைகளில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஜப்பானில் 1947-ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விச் சட்டமே உடல் தண்டனையைத் தடை செய்கிறது. சட்டம் இருந்தும் அடி விழுந்த காலம் அங்கேயும் உண்டு, ஆனால் இன்று ஒரு தட்டு தட்டினால்கூடச் செய்தித்தாளில் வரும். வெளியே நிற்க வைப்பதும் உங்கள் அதிகாரத்தில் இல்லை. ஒரு பையன் மேசையில் தலை சாய்த்துத் தூங்கினால், வகுப்பாசிரியர் அவனைத் தாண்டிப் போவார். அதை அலட்சியம் என்று நினைத்து நீங்கள் போய் எழுப்பாதீர்கள். அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவரைப் பார்த்து ஒரு முறை புருவம் உயர்த்திக் கேட்டுவிட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

அப்புறம் மௌனம். "ஜப்பானியப் பிள்ளைகள் கூச்சம் மிகுந்தவர்கள், கேள்வி கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. மூன்றாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், நாற்காலியை விட்டு எழும்பிக் கை நீட்டுவார்கள். அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் உறைந்துவிடுகிறார்கள். பிறவிக் குணமாக இருந்தால் ஒன்பது வயதிலும் இருக்க வேண்டும் அல்லவா? இது என் கணிப்புதான், ஆனால் பல பள்ளிகள் பார்த்த பிறகு வந்த கணிப்பு: ஒன்பதாம் வகுப்பு முடிவில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நிற்கிறது, அதில் ஒரு எழுத்துத் தவறும் மதிப்பெண்ணைக் குறைக்கும். கூடவே, நன்றாக உச்சரிப்பவனை "பெரிய ஆளாட்டம் காட்டுகிறான்" என்று சக மாணவர்கள் பார்க்கும் வயது அது. அதனால் நன்றாகப் பேசத் தெரிந்த பெண்கூட வேண்டுமென்றே ஜப்பானிய உச்சரிப்பில் வாசிப்பாள். நம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் பேசுகிறவனை "பீட்டர் விடுறான்" என்று கேலி செய்வார்களே, அதே பயம்தான். ஆகவே பெயர் சொல்லி எழுப்பாதீர்கள். முதலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பார்க்க ஒரு நிமிடம் கொடுங்கள், பிறகு நாலைந்து பேர் கொண்ட குழுவாக விடை கேளுங்கள். குழுவின் விடை என்றால் யார் தலையும் உருளாது. கேட்டபின் பத்து விநாடி அமைதியைத் தாங்கப் பழகுங்கள். நாம் மூன்றாவது விநாடியிலேயே அடுத்தவனை எழுப்பிவிடுகிறவர்கள்.

இங்கே நமக்கு மட்டும் இருக்கிற ஒரு பலத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், வேற்றுமை உருபு மாதிரியான ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வரும், எழுவாயை விட்டுவிட்டுப் பேசலாம். அதனால் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் ஏன் தடுமாறுகிறது என்பது ஒரு ஆஸ்திரேலியரைவிட உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். 'ஏ', 'தி' எங்கே போடுவது என்று நம் பிள்ளைகள் முழிக்கிற அதே இடத்தில்தான் அவர்களும் முழிக்கிறார்கள். இதை வைத்து, ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ சொன்னபடி தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஆசிரியர் அறையில் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். அவர் பெரிய அறிஞர்தான், ஆனால் அந்தக் கருத்தைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. இலக்கண ஒற்றுமை பாடம் நடத்தப் பயன்படும், அது போதும்.

துப்புரவு நேரம் பற்றி அமெரிக்கர்கள் "என்ன ஒழுக்கம்!" என்று ஒரு வரியில் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நமக்கு அது ஒரு வரியில் கடந்து போகிற விஷயம் இல்லை. தினமும் மதியம் பதினைந்து இருபது நிமிடம், பாட்டுப் போட்டுவிட்டு, பள்ளியே தரையில் இறங்கும். பிள்ளைகள் ஈரத் துணியை இரு கையாலும் அழுத்திக் குனிந்தபடி வராந்தாவில் ஓடித் துடைப்பார்கள். கழிப்பறைக்கும் முறை வைத்து ஒரு குழு போகும். மருத்துவர் மகளுக்கும் அதே முறைதான். ஆசிரியர்களும் துடைப்பம் எடுப்பார்கள், நீங்களும் எடுக்க வேண்டும். நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகச் செய்தி வந்தால், முதலில் எந்தத் தெருப் பிள்ளைகளை என்றுதான் கேட்கிறோம், கேட்கவும் வேண்டியிருக்கிறது. அந்த நாட்டிலும் தோல், இறைச்சித் தொழில்களைக் காரணமாக வைத்துத் தலைமுறைகளாக ஒதுக்கப்பட்ட புராக்கு மக்கள் இருக்கிறார்கள், பாகுபாடு அறியாத நாடு என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் பள்ளியின் துப்புரவு நேரத்தில் அது தெரிவதில்லை. "இதற்கு ஆள் இல்லையா?" என்று கேட்டுவிட்டு நின்ற நம் நாட்டவர் ஒருவரை, ஆண்டு முழுக்க அந்தப் பள்ளி மரியாதையாகத் தள்ளியே வைத்திருந்தது.

மதிய உணவு வகுப்பறையிலேயே. வெள்ளை மேலங்கியும் தொப்பியும் போட்ட பிள்ளைகளே பரிமாறுவார்கள், நீங்களும் ஒரு குழுவோடு உட்கார்ந்து சாப்பிடலாம். அதற்கு முன்பே தலைமையாசிரியர் அதே சாப்பாட்டை முதலில் சாப்பிட்டுப் பார்த்திருப்பார், அது பாதுகாப்பு விதி. நீங்கள் சைவம் என்றால் நேராகச் சொல்கிறேன், பள்ளிச் சாப்பாடு நடக்காது. காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பில்கூட மீன் சாறு இருக்கும். டப்பாவில் கட்டிக்கொண்டு போங்கள், காரணத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். மிச்சம் வைப்பதுதான் உறுத்தும். கறி என்ற பெயரில் வருவது மாவு கரைத்த இனிப்புக் குழம்பு, பிள்ளைகளுக்கு உயிர். "இந்தியாவில் தினமும் கறியா?", "19-ஆம் வாய்ப்பாடு வரை மனப்பாடமாமே?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தயாராக வைத்திருங்கள். இரண்டாவதை ஆசிரியர்களே கேட்பார்கள், 17-ஆம் வாய்ப்பாட்டை ஒப்பித்துக் காட்டினால் கைதட்டு நிச்சயம்.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பிள்ளைகள் ஏற்பார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்களுக்கு நீங்கள் யார் என்பது இரண்டு வாரக் கேள்வி, அப்புறம் வகுப்பு சுவையாக இருக்கிறதா என்பதுதான். வெளியே தெருவில் உற்றுப் பார்ப்பார்கள், பெரும்பாலும் அது வெறும் வேடிக்கை. சந்தேகம் பெரியவர்கள் பக்கம். வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு ஏ.எல்.டி.யாக அழைக்கும் ஜெட் திட்டத்தை ஜப்பான் அரசு 1987-ல் தொடங்கியபோது 848 பேரை அழைத்தது. அவர்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாட்டவர். ஆங்கிலம் பேசுகிறவர் என்றால் இன்ன முகம் என்று அப்போது பதிந்தது இன்னும் முழுதாக அழியவில்லை. வேலை விளம்பரங்களில் "தாய்மொழியாகப் பேசுபவர்" என்ற நிபந்தனையைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் உச்சரிப்பைப் பற்றி யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் கேட்டல் பயிற்சிக்கு மட்டும் உங்களை விட்டுவிட்டுக் குறுந்தகடு போடும் ஆசிரியர் இருப்பார். அவர் பக்கம் ஒரு நியாயமும் உண்டு: 2021 முதல் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுப் பொதுத் தேர்வில் ஆங்கில வாசிப்புக்கு 100 மதிப்பெண், கேட்டலுக்கு 100. முன்பு இருந்த தேர்வில் எழுத்துக்கு 200, கேட்டலுக்கு 50தான். பதிவுகளில் வரும் குரல் பெரும்பாலும் அமெரிக்கக் குரல். ஆங்கில 't'-ஐ நாம் அழுத்தமான 'ட'வாக ஒலிப்பது அதற்குப் பழகிய காதுக்குப் புதுசு. வேகத்தைக் குறைத்து, சொற்களை அழுத்தம் பார்த்துச் சொன்னால் போதும். அமெரிக்கராக நடிக்க வேண்டாம், அது யாரையும் ஏமாற்றாது.

வீடு தேடும்போதுதான் நிஜமாகவே அடி விழும். அந்நாட்டு நீதி அமைச்சகம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் பத்துக்கு நான்கு பேர் அளவில், வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். நிறுவனம் வீடு ஏற்பாடு செய்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

பெயர் விஷயம் ஒன்று, சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அங்கே அது இல்லாமல் ஒரு படிவமும் நகராது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயரோ கணவர் பெயரோ இருந்தால், பள்ளியே உங்களை "முருகேசன் ஆசிரியர்" என்று கூப்பிடும். போவதற்கு முன்பே மின்னஞ்சலில், "என்னை இன்ன பெயரில் அழையுங்கள்" என்று மூன்று நான்கு அசையில் முடிகிற ஒரு பெயரைக் கொடுத்துவிடுங்கள். அறிவிப்புப் பலகை தயாராகிவிட்டால் மாற்றுவது கஷ்டம். ஆசிரியர் அறைப் பழக்கங்கள் இரண்டே வாரத்தில் வந்துவிடும்: வெளியூர் போனால் எல்லாருக்கும் ஒரு பெட்டி பலகாரம், கிளம்பும்போது "முன்னே போகிறேன், மன்னிக்கவும்" என்று ஒரு சொல். மார்ச் கடைசியில் இடமாற்றப் பட்டியல் வரும், நீங்கள் பழகிவைத்த ஆசிரியர் ஏப்ரலில் இருக்க மாட்டார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை. பள்ளியில் வேலை பார்க்கும் ஏ.எல்.டி. விசாவுக்கு, 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று கேட்பார்கள். நீங்கள் மெட்ரிக்கில் படித்தவர் என்றால் சிக்கல் இல்லை, பள்ளி, கல்லூரி இரண்டிலும் பயிற்று மொழிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு எம்.ஏ. வரை கூட்டினாலும் ஏழு ஆண்டுதான் வரும். எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும் கதவு மூடும், எனக்குத் தெரிந்த நல்ல ஆசிரியர்கள் அப்படி நின்றிருக்கிறார்கள். அப்புறம் சம்பளம். ஆள் அனுப்பும் நிறுவனங்கள் பல, ஆகஸ்ட் விடுமுறை மாதத்திலும் ஆண்டு இறுதியிலும் நாள் கணக்கில் குறைத்துத்தான் கொடுக்கும். ஆகவே மாதச் சம்பளம் என்று ஒரு எண்ணைக் கேட்காமல், பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனியாக எவ்வளவு, சுகாதாரக் காப்பீட்டில் நிறுவனத்தின் பங்கு உண்டா, எத்தனை பள்ளிகள், போக்குவரத்துச் செலவு யாருடையது, கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டுமா என்ற ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள். கடைசியை விட்டுவிடாதீர்கள், சிற்றூரில் மணிக்கு ஒரு பேருந்துகூட இல்லாத பள்ளிகள் உண்டு, நம் இந்திய ஓட்டுநர் உரிமத்தை அங்கே மாற்ற எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதியாக வேண்டும். வாங்கிய பதில்களை இங்கே போட்டால், ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்கிறேன்.